கையெழுத்துப் போட மறுக்கும் கணவர், இருவர் பெயரிலும் இருக்கும் வீடு: விற்க வழி இருக்கிறதா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். 2018-ல் நீங்களும் உங்கள் கணவரும் சேர்ந்து தமிழ்நாட்டில் ஒரு ஃப்ளாட் வாங்கியிருக்கிறீர்கள். கிரையப் பத்திரத்தில் இரண்டு பேர் பெயரும் இருக்கிறது, வீட்டுக் கடனிலும் இரண்டு பேரும்தான். ஒன்றரை வருடமாகப் பிரிந்திருக்கிறீர்கள். அவர் அந்த வீட்டிலேயே இருக்கிறார், நீங்கள் வாடகைக்கு இருக்கிறீர்கள், மாதத் தவணை மட்டும் உங்கள் சம்பளக் கணக்கிலிருந்து போகிறது. விற்றுப் பிரித்துக்கொள்ளலாம் என்றால் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார். விவாகரத்து ஆனால் பாதி தானாக வந்துவிடுமா, தவணையை நிறுத்தினால் அவர் வழிக்கு வருவாரா, என் பங்கை மட்டும் வெளியாளுக்கு விற்கலாமா என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான்: அவர் சம்மதிக்காவிட்டால் நான் இதிலேயே கிடக்க வேண்டியதுதானா? இல்லை. இருபது வருடத்துக்கு மேலாக உரிமையியல் வழக்குகளும் குடும்ப நல வழக்குகளும் நடத்திவருகிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: கையெழுத்துப் போடாதவரால் விற்பனையைத் தள்ளிப்போட முடியும், நிரந்தரமாகத் தடுக்க முடியாது. ஆனால் அந்தத் தள்ளிப்போடுதலுக்கு மாதாமாதம் பணம் கட்டுவது இப்போது நீங்கள், அதனால்தான் அவருக்கு அவசரம் இல்லை. இந்த நிலையை மாற்றுவதுதான் உங்கள் வேலை.

முதலில் பங்கு. விவாகரத்து ஆனவுடன் கணவன் மனைவி சொத்தெல்லாம் பாதி பாதி என்று நிறைய பேர் நம்புகிறார்கள், அது வெளிநாட்டுச் செய்திகளைப் பார்த்து வந்த எண்ணம். கோவா மாதிரி பழைய போர்ச்சுகீசியப் பகுதிகளில் மட்டும் அந்தக் காலத்து சிவில் சட்டத்தின் வழியாக அந்த மாதிரி ஒரு முறை இருக்கிறது. மற்றபடி இந்தியாவில் திருமணம் ஆனதாலேயே ஒருவர் சொத்தில் இன்னொருவருக்குப் பாதி வருவதில்லை. விவாகரத்துத் தீர்ப்பு திருமணத்தைத்தான் முடிக்கும், பத்திரத்தில் இருக்கும் பெயர்களைத் தொடாது. தீர்ப்புக்கு அடுத்த நாளும் நீங்கள் இருவரும் அந்த வீட்டுக்குக் கூட்டு உரிமையாளர்கள்தான். இதில் உங்களுக்கு நல்லதும் இருக்கிறது. உங்கள் உரிமை திருமணத்திலிருந்து வரவில்லை, பத்திரத்திலிருந்து வருகிறது. அதனால் விவாகரத்து வழக்கு எந்தக் கதியில் இருந்தாலும், போடாமலே இருந்தாலும்கூட, வீட்டுக்கான வழி தனியாகத் திறந்திருக்கிறது.

எவ்வளவு பங்கு என்பதற்கு 1882-ம் வருடச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 45-ம் பிரிவைப் பார்க்க வேண்டும். இரண்டு பேர் விலை கொடுத்து வாங்கினால், பொதுப் பணத்தில் வாங்கியிருந்தால் அந்தப் பணத்தில் அவரவருக்கு என்ன பங்கோ அதே பங்கு. தனித்தனிப் பணத்தில் வாங்கியிருந்தால் யார் எவ்வளவு போட்டார்களோ அந்த விகிதம். எதற்கும் ஆதாரம் இல்லையென்றால் சமம் என்றே எடுத்துக்கொள்ளப்படும். பத்திரத்திலேயே பங்கு எழுதியிருந்தால் அதுதான் தொடக்கப் புள்ளி. அதனால் இன்றைக்கே உங்கள் பத்திரத்தை எடுத்து, வாங்குபவர்கள் பெயர் வரும் பத்தியையும், தொகை எப்படிக் கொடுக்கப்பட்டது என்று சொல்லும் பத்தியையும் படித்துப் பாருங்கள். முன்பணம் எந்தக் கணக்கிலிருந்து போனது, உங்கள் அப்பா ஏதாவது கொடுத்தாரா, நகை விற்ற பணம் உண்டா, அதற்கெல்லாம் வங்கிப் பதிவு இருக்கிறதா என்று தேடி ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். பழைய வங்கிக் கணக்கு விவரங்களை வங்கிகள் எப்போதும் எளிதில் எடுத்துத் தருவதில்லை, 2018 என்பது இப்போதே கொஞ்சம் தூரம்தான்.

இதில் உறுதியாகச் சொல்ல முடியாத ஒரு இடம் இருக்கிறது, அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர் கோர்ட்டில் வந்து "பணம் முழுக்க நான்தான் போட்டேன், மனைவி பெயரை மரியாதைக்காகச் சேர்த்தேன்" என்று சொன்னால் என்ன ஆகும்? பினாமி தடைச் சட்டத்தில், தனக்குத் தெரிந்த வருமானத்திலிருந்து கணவன் மனைவி பெயரில் வாங்குவதற்கு விதிவிலக்கு இருக்கிறது. அதனால் அந்த வாதத்தை ஆரம்பத்திலேயே தூக்கி எறிய முடியாது, சாட்சியம் பார்த்துத்தான் தீர்மானிப்பார்கள். இந்த மாதிரி வழக்குகளில் நீதிபதிகள் இரண்டு பக்கமும் போயிருக்கிறார்கள். சிலர் பத்திரத்தில் இருவர் பெயரும் இருந்தால் யார் தவணை கட்டினார்கள் என்பதைப் பெரிதாக எடுப்பதில்லை, சிலர் ரூபாய் கணக்குப் பார்க்கிறார்கள். உங்கள் விஷயத்தில் தவணை உங்கள் சம்பளத்திலிருந்து போயிருப்பதால் அந்த வாதம் அவருக்கு அவ்வளவு சுலபம் இல்லை என்பது என் கணிப்பு. ஆனால் கணிப்புதான், பத்திரத்தை நான் பார்க்கவில்லை.

சரி, தவணை. நிறுத்தாதீர்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். கோபம் எனக்குப் புரிகிறது, அவர் குடியிருக்க நான் ஏன் கட்ட வேண்டும் என்பது நியாயமான கேள்வி. ஆனால் வங்கிக்கு உங்கள் சண்டையில் பங்கில்லை. கடன் ஒப்பந்தத்தில் இருவரும் சேர்ந்தும் தனித்தனியாகவும் முழுத் தொகைக்கும் பொறுப்பு, 1872-ம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 43-ம் பிரிவும் அதைத்தான் சொல்கிறது. பாதித் தவணை கட்டுகிறேன் என்று நீங்கள் கட்டினால் வங்கிக் கணக்கில் அது பாக்கிதான், இருவர் சிபில் மதிப்பெண்ணும் சேர்ந்தே விழும். 90 நாள் பாக்கி விழுந்தால் வாராக்கடன். அப்புறம், வங்கி கோர்ட்டில் வழக்குப் போடாமலே அடமானச் சொத்தை எடுக்க வழி தரும் சர்ஃபேசி சட்டத்தில் 60 நாள் நோட்டீஸ், அதற்குப் பிறகு வீட்டை எடுத்து ஏலம். ஏலத்தில் போகும் விலை நீங்கள் இருவரும் சேர்ந்து நிதானமாக விற்றால் கிடைக்கும் விலையைத் தொடுவது அபூர்வம். விவாகரத்து மனுவில் "இனி தவணை கணவர் கட்ட வேண்டியது" என்று எழுதி நீதிபதி கையெழுத்துப் போட்டாலும்கூட அது உங்கள் இருவருக்குள்தான் செல்லும், வங்கியைக் கட்டுப்படுத்தாது. வங்கி எழுத்தில் விடுவிக்கும்வரை நீங்கள் கடன்காரர்.

கட்டுங்கள், ஆனால் சும்மா கட்டாதீர்கள். ஒரு வழக்கறிஞர் நோட்டீஸ் அனுப்பி, இன்ன தேதியிலிருந்து முழுத் தவணையும் நான் மட்டும் கட்டுகிறேன், வீட்டை நீங்கள் மட்டும் அனுபவிக்கிறீர்கள், உங்கள் பங்கைக் கணக்கில் கேட்பேன், இந்தப் பணத்தை உங்களுக்குத் தானமாகக் கொடுக்கவில்லை என்று பதிவு செய்யுங்கள். ஒப்புகை வசதியோடு ஸ்பீடு போஸ்ட்டில் போகட்டும், அந்த ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள். பின்னால் பங்கு பிரிக்கும்போது கூட்டு உரிமையாளர் ஒருவர் பொதுக் கடனை அடைத்திருந்தால் மற்றவர் பங்கிலிருந்து அதைக் கேட்பது சாதாரணமாக ஏற்கப்படும் கோரிக்கை. அவர் குடியிருந்ததற்கு வாடகை கேட்கலாமா என்பது அவ்வளவு உறுதி இல்லை. ஒரு கூட்டு உரிமையாளர் தானே குடியிருந்தார் என்பதாலேயே மற்றவருக்கு வாடகை கொடுக்க வேண்டியதில்லை. உங்களை உள்ளே விடாமல் வெளியேற்றினார், பூட்டை மாற்றினார் என்றால் நிலைமை வேறு. அப்படி எதுவும் நடந்திருந்தால் தேதியோடு எழுதி வையுங்கள், அன்றைக்கு அனுப்பிய வாட்ஸாப் செய்திகளை அழிக்காதீர்கள்.

உங்கள் மூன்றாவது கேள்வி, பங்கை மட்டும் விற்பது. சட்டப்படி முடியும். பிரிபடாத பங்கை விற்க மற்றவர் சம்மதம் தேவையில்லை, சொத்து மாற்றுச் சட்டத்தின் 44-ம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. ஆனால் குடும்பம் குடியிருக்கும் வீட்டில் ஒரு பங்கை வாங்கும் வெளியாளுக்கு உள்ளே வந்து குடியிருக்க உரிமை இல்லை என்று அதே பிரிவு சொல்கிறது. அந்த வெளியாள் பாகம் கேட்டு வழக்குப் போட்டால் குடும்பத்து ஆளே அந்தப் பங்கை மதிப்புப் போட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று 1893-ம் வருடப் பாகப்பிரிவினைச் சட்டத்தின் 4-ம் பிரிவு சொல்கிறது. இதையெல்லாம் தாண்டி, அடமானத்தில் இருக்கும் வீட்டில், கோபத்தோடு ஒருவர் குடியிருக்கும்போது, பாதிப் பங்கை யார் வாங்குவார்கள்? வழக்கை வாங்கி விற்பதையே தொழிலாக வைத்திருப்பவர்கள்தான் வருவார்கள், அவர்கள் கேட்கும் விலையைக் கேட்டால் உங்களுக்கே மனசு வராது. நோட்டீஸில் எழுதி ஒரு அழுத்தம் கொடுக்கலாம், அதற்கு மேல் இந்த வழியில் போகாதீர்கள் என்பது என் கருத்து.

நிஜமான பலம் பாகப்பிரிவினை வழக்கில் இருக்கிறது. கூட்டு உரிமையாளர் யாரும் எப்போது வேண்டுமானாலும் என் பங்கைப் பிரித்துக் கொடு என்று கேட்கலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஃப்ளாட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரிக்க முடியாது என்பது வெளிப்படை. அங்கேதான் 1893-ம் வருடச் சட்டத்தின் 2-ம் பிரிவு வருகிறது: பிரிப்பது நடைமுறைக்கு ஒத்துவராது, விற்பதே எல்லாருக்கும் நல்லது என்றால், பாதி அல்லது அதற்கு மேல் பங்கு உள்ளவர் கேட்டுக்கொண்டால் கோர்ட் விற்கச் சொல்லிப் பணத்தைப் பங்கிடலாம். "பாதி அல்லது அதற்கு மேல்" என்ற சொல்லைக் கவனியுங்கள். உங்கள் பங்கு சரிபாதி என்று நின்றால் நீங்கள் மட்டும் கேட்டாலே போதும். நாற்பது சதவிகிதம்தான் என்று தீர்ப்பு வந்தால் அந்தப் பிரிவில் தனியாகக் கேட்க முடியாது, வேறு வாதம் வேண்டும். முன்பணக் கணக்கை நான் ஏன் அவ்வளவு வலியுறுத்தினேன் என்பது இப்போது புரியும். இன்னொன்று, நீங்கள் விற்கச் சொல்லிக் கேட்டவுடன் 3-ம் பிரிவு அவருக்கு ஒரு வாய்ப்புத் தருகிறது. உங்கள் பங்கைக் கோர்ட் போடும் மதிப்பில் நானே வாங்கிக்கொள்கிறேன் என்று அவர் சொல்லலாம், சொன்னால் அவருக்குத்தான் முதலில் கொடுக்க வேண்டும். உங்களுக்கு வேண்டியது வெளியே வருவதும் நியாயமான விலையும் என்றால் இதில் நஷ்டம் இல்லை. அந்த வீட்டை நீங்களே எடுத்துக்கொள்ள மனசில் ஆசை இருந்தால் மட்டும், கேட்பதற்கு முன் யோசியுங்கள்.

திருமணம் ஆனவர்கள் இந்த வழக்கைக் குடும்ப நல நீதிமன்றத்திலேயே போடலாம், கணவன் மனைவிக்குள் சொத்துப் பிரச்சினையை அந்த நீதிமன்றம் விசாரிக்க 1984-ம் வருடக் குடும்ப நல நீதிமன்றச் சட்டத்தின் 7-ம் பிரிவு வழி செய்கிறது. இந்து திருமணச் சட்டத்தின் 27-ம் பிரிவை யாராவது சொன்னால் ஏமாறாதீர்கள், அது திருமணத்தை ஒட்டி இருவருக்கும் சேர்த்துக் கொடுக்கப்பட்ட பொருள்களுக்கு, பின்னால் கடன் வாங்கி வாங்கிய ஃப்ளாட்டுக்கு அது பொருந்துவது கஷ்டம். வழக்கு போகும் விதம் இப்படி: முதலில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று முதல்நிலைத் தீர்ப்பாணை, அப்புறம் அதை நடைமுறைப்படுத்த இன்னொரு மனு, வழக்கறிஞர் ஆணையர் வந்து வீட்டைப் பார்ப்பார், பிரிக்க முடியாது என்று அறிக்கை கொடுப்பார், மதிப்பீடு, விற்பனை, இறுதித் தீர்ப்பாணை. எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்பீர்கள். அவர் எதிர்த்தே நின்றால் மாதக் கணக்கில் முடியாது, வருடக் கணக்குதான். அதற்கு மேல் மேல்முறையீடு இருக்கிறது. வழக்குப் போட்ட நாளிலிருந்து அவர் தன் பங்கை யாருக்காவது எழுதிக் கொடுத்தாலும் வாங்கியவர் வழக்கின் முடிவுக்குக் கட்டுப்பட்டவர், சொத்து மாற்றுச் சட்டத்தின் 52-ம் பிரிவு அதைப் பார்த்துக்கொள்ளும். வேறு அவசரத் தடை வேண்டுமென்றால் 2005-ம் வருடக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 19-ம் பிரிவில், வன்முறை நடந்திருந்தால், வீட்டை விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது என்று உத்தரவு வாங்க முடியும். வன்முறை என்றால் அடி மட்டும் இல்லை, பொருளாதார ரீதியான கொடுமையும் அந்தச் சட்டத்தில் வருகிறது.

திருமணம் செய்யாமல் சேர்ந்து வாழ்ந்து வீடு வாங்கிப் பிரிந்தவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் ஒரு வரி: 45-ம் பிரிவும் பாகப்பிரிவினைச் சட்டமும் உங்களுக்கும் அப்படியே பொருந்தும், குடும்ப நல நீதிமன்றத்துக்குப் பதிலாக உரிமையியல் நீதிமன்றம், அவ்வளவுதான் பெரிய வித்தியாசம்.

இவ்வளவு சொன்ன பிறகும், வழக்கை முடிவுவரை நடத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. வழக்குப் போடுவதே பேச்சுவார்த்தைக்கு ஒரு தேதி குறிக்கத்தான். என்னிடம் வந்த ஒரு தம்பதி ஞாபகத்துக்கு வருகிறது. கணவர் எட்டு மாதம் பேசவே மறுத்தார். பாகப்பிரிவினை மனுவின் நகல் கைக்குக் கிடைத்த மூன்றாவது வாரம் சமரச மையத்தில் வந்து உட்கார்ந்தார். கையில் ஒரு பள்ளி நோட்டுப் புத்தகம், அதில் வீடு வாங்கிய நாளிலிருந்து அவர் செய்த செலவெல்லாம் பென்சிலில், மரவேலை, கிரில், தண்ணீர்த் தொட்டி, மோட்டார் மாற்றியது என்று தேதி போட்டு எழுதியிருந்தார். அந்த அம்மா அதை வாங்கி மௌனமாகப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். "மோட்டார் காசு நான் கொடுத்தேன், மற்றதெல்லாம் சரி" என்றார். அவர் அழிப்பானைத் தேடினார், இல்லை, விரலால் தேய்த்து அந்த வரியை அழித்தார். அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது, அவர் எட்டு மாதம் மறுத்தது வீட்டுக்காக அல்ல, தன் கணக்கை யாரும் கேட்கவில்லை என்பதற்காகத்தான். எல்லாரும் அப்படி என்று சொல்லவில்லை. சிலர் உண்மையிலேயே துன்புறுத்துவதற்காக மறுக்கிறார்கள், அவர்களுக்கு நோட்டுப் புத்தகம் உதவாது. ஆனால் உங்கள் கணவர் ஏன் மறுக்கிறார் என்று உங்களுக்குத் தெரியுமா? கேள்வியில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. போக இடம் இல்லையா, விலை ஏறும் என்று நினைக்கிறாரா, விவாகரத்தே வேண்டாம் என்கிறாரா? மூன்றுக்கும் மூன்று வகையில் பேச வேண்டும்.

பேசும்போது கணக்கைச் சரியாகப் போடுங்கள், இதில்தான் நிறைய பேர் சறுக்குகிறார்கள். உதாரணத்துக்கு வீடு 80 லட்சம் போகும், கடன் பாக்கி 30 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். பங்கிட வேண்டியது 80 அல்ல, 50 லட்சம். சமபங்கு என்றால் ஆளுக்கு 25. நீங்கள் பிரிந்த பிறகு 18 மாதம், மாதம் 32,000 வீதம் தனியாகக் கட்டியது 5,76,000. அதில் பாதி 2,88,000 அவர் கொடுக்க வேண்டியது. அதைச் சேர்த்தால் உங்களுக்கு 27,88,000, அவருக்கு 22,12,000. அவரே வீட்டை வைத்துக்கொள்வதென்றால் அவர் உங்களுக்கு 27,88,000 கொடுத்து, 30 லட்சம் கடனையும் தன் பெயருக்கு மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. கடனிலிருந்து உங்கள் பெயரை எடுக்க வங்கி அவர் சம்பளத்தை மட்டும் வைத்துப் புதிதாகத் தகுதி பார்க்கும், போதாது என்றால் மறுத்துவிடும். "பத்திரத்தில் இப்போது கையெழுத்துப் போட்டுவிடு, கடனை அப்புறம் மாற்றிக்கொள்கிறேன்" என்று கேட்டால் சம்மதிக்காதீர்கள். வீடு போய்க் கடன் மட்டும் தன் பெயரில் நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன், அடுத்த வீட்டுக்குக் கடன் கேட்டுப் போகும்போது பழைய கடன் அவர்கள் தலையில் உட்கார்ந்திருக்கும். மதிப்புக்கு வங்கியின் மதிப்பீட்டாளர் பட்டியலிலிருந்து இருவரும் ஒத்துக்கொள்ளும் ஒருவரை வையுங்கள், தரகர் சொல்வதை மட்டும் நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஒருவர் பங்கை இன்னொருவருக்கு விடுவதற்குக் கிரையப் பத்திரம் தேவையில்லை, கூட்டு உரிமையாளர்களுக்குள் விடுதலைப் பத்திரம் போதும். தமிழ்நாட்டில் கிரையம் என்றால் முத்திரைத் தீர்வை 7 சதவிகிதம், பதிவுக் கட்டணம் 2 சதவிகிதம். குடும்ப உறுப்பினர்களுக்குள் விடுதலை என்றால் சதவிகிதக் கணக்குக்கு உச்சவரம்பு இருக்கிறது, 2023 ஜூலையில் ஏற்றியபிறகு தீர்வை 40,000 ரூபாய்க்கு மேல் போகாது, கட்டணம் 10,000-க்கு மேல் போகாது. கணவன் மனைவி அந்தக் "குடும்பம்" என்ற சொல்லுக்குள் வருவார்கள். விவாகரத்துத் தீர்ப்பு வந்தபிறகு நீங்கள் கணவன் மனைவி இல்லை, சலுகையைச் சார்பதிவாளர் மறுக்க இடம் உண்டு. அதனால் விடுதலைப் பத்திரம் போடுவதாக இருந்தால் தீர்ப்புக்கு முன்னால் போட்டுவிடுவது நல்லது. ஆனால் பரஸ்பர சம்மத விவாகரத்தில் கடைசி ஒப்புதலுக்கு முன் யாரும் பின்வாங்கலாம், 1991-லேயே உச்ச நீதிமன்றம் அதைச் சொல்லிவிட்டது. பணம் முழுக்கக் கைக்கு வராமல் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு அவர் கடைசி ஒப்புதல் சொல்லும் இரண்டாவது மனுவுக்கு வராவிட்டால் மாட்டிக்கொள்வது நீங்கள். பத்திரம் பதியும் அன்றே டிடி கைக்கு வர வேண்டும், அதற்கு மேல் எதையும் நம்பிக்கையில் விடாதீர்கள்.

சமரசம் ஆனால் அதை மனுவில் எழுதும் விதத்திலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பதிவுச் சட்டத்தின் 17-ம் பிரிவில், கோர்ட் தீர்ப்பைப் பதிய வேண்டியதில்லை என்ற விலக்கு உண்டு. ஆனால் சமரசத் தீர்ப்பில் அந்த வழக்குக்குப் பொருளாக இல்லாத சொத்தைச் சேர்த்திருந்தால் விலக்கு இல்லை. வெறும் விவாகரத்து மனுவில் கடைசிப் பக்கத்தில் வீட்டைப் பற்றி இரண்டு வரி எழுதிவிட்டுச் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய் நின்றால் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். வீட்டின் சொத்து விவரத்தை, நான்கு எல்லை, பிரிபடாத நில அளவு, சர்வே எண் எல்லாம் போட்டு மனுவின் அட்டவணையிலேயே சேர்க்கச் சொல்லுங்கள். உங்கள் வழக்கறிஞர் இது தேவையில்லை என்றால் ஏன் என்று கேளுங்கள்.

வெளியாளுக்கு விற்பது என்று முடிவானால் நடைமுறை பயப்படும் அளவுக்குக் கடினம் இல்லை. வங்கியிடம் கடன் முடிப்புக் கடிதம் வாங்குங்கள், அதில் குறிப்பிட்ட தேதிவரை கட்ட வேண்டிய தொகை இருக்கும். மாறும் வட்டிக் கடனைத் தனிநபர் முன்கூட்டி அடைத்தால் அபராதம் வாங்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. வாங்குபவரின் வங்கி அந்தத் தொகையை நேராக உங்கள் வங்கிக்குக் கொடுக்கும், மீதியை இருவர் பெயரிலும் தனித்தனி டிடியாக வாங்குங்கள், கிரையப் பத்திரத்திலேயே யாருக்கு எந்த எண்ணுள்ள டிடி என்று எழுதச் சொல்லுங்கள். ஒரே கணக்கில் போட்டு அப்புறம் பிரித்துக்கொள்ளலாம் என்று பேசாதீர்கள். கடன் அடைந்த 30 நாளுக்குள் அசல் பத்திரங்களை வங்கி திருப்பித் தர வேண்டும், தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் என்று 2023 டிசம்பரிலிருந்து விதி இருக்கிறது. அடமானம் பதியப்பட்டிருந்தால் அதை ரத்து செய்ததும் வில்லங்கச் சான்றில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ரொக்கமாக 20,000 அல்லது அதற்கு மேல் எதையும் வாங்காதீர்கள், அட்வான்ஸாக இருந்தாலும் சரி. அவர் வெளிநாட்டில் இருந்தாலோ நேரில் வர மறுத்தாலோ, விற்பனைக்கு மட்டும் என்று குறிப்பிட்ட அதிகாரப் பத்திரம் கேட்கலாம், வெளிநாட்டிலிருந்து என்றால் தூதரகத்தில் சான்று வாங்கி அனுப்பி, இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வையும் கட்ட வேண்டும்.

வரியில் என் அறிவுக்கு ஒரு எல்லை உண்டு, ஆடிட்டரைப் பாருங்கள். பொதுவாக, 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்த வீடு என்பதால் நீண்டகால ஆதாயம். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கியதால் 12.5 சதவிகிதத்துக்கும், பணவீக்கத்தைக் கழித்த 20 சதவிகிதத்துக்கும் எது குறைவோ அதை எடுத்துக்கொள்ளலாம். வரி அவரவர் பங்குக்கு அவரவர் கட்டுவது. மொத்த விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வாங்குபவர் 1 சதவிகிதம் டிடிஎஸ் (விலையிலிருந்தே முன்கூட்டிக் கழிக்கும் வரி) பிடிப்பார், தனித்தனிப் பங்கு 50-க்குக் கீழே என்று சொல்லித் தப்ப 2024 அக்டோபரிலிருந்து வழியில்லை. உங்கள் பங்குக்குப் பிடித்த வரி உங்கள் பான் எண்ணில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். விவாகரத்துக் காரணமாக விற்கிறோம் என்பதற்காக வரியில் எந்தத் தனி விலக்கும் கிடையாது.

யாரும் பேச விரும்பாத ஒரு விஷயம் பாக்கி. விற்பதற்கு முன் உங்கள் இருவரில் ஒருவருக்கு ஏதாவது ஆகிவிட்டால், பத்திரத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, அவர் பங்கு மற்றவருக்குத் தானாகப் போகாது, வாரிசுகளுக்குப் போகும். உயில் இல்லையென்றால், விவாகரத்து ஆகும்வரை கணவன் மனைவி ஒருவருக்கொருவர் வாரிசு, ஆனபிறகு இல்லை. உங்கள் பங்கை யாருக்கு என்று நினைக்கிறீர்களோ அதை ஒரு பக்க உயிலாக எழுதி இரண்டு சாட்சி கையெழுத்து வாங்கி வையுங்கள், இதற்கு அவர் சம்மதம் வேண்டாம், முத்திரைத்தாள்கூட வேண்டாம்.

பத்திரத்தில் பங்கு விகிதம் எழுதியிருக்கிறதா, முன்பணம் யார் கணக்கிலிருந்து போனது, பூட்டு மாற்றியது மாதிரி ஏதாவது நடந்ததா, இந்த மூன்றையும் பார்த்துவிட்டு இங்கேயே எழுதுங்கள். பெயர், முகவரி, சர்வே எண் எதையும் பொதுவில் போடாதீர்கள். அந்த மூன்றும் தெரிந்தால் மேலே நான் "கணிப்பு" என்று சொன்ன இடங்களில் கொஞ்சமாவது உறுதியாகச் சொல்ல முடியும். இந்த மாதத் தவணை வழக்கம்போலப் போகட்டும், நோட்டீஸை மட்டும் இந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.